காய்ச்சல் வந்த பிள்ளை வீட்டில் தங்க முடிகிறதா?

கேள்வி: வணக்கம் டாக்டர். நான் சிங்கப்பூரில் உட்லண்ட்சில் வசிக்கிறேன். தொடக்கப்பள்ளியில் தமிழாசிரியை. வயது 48. ஆறு ஆண்டுகளாக நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். வீட்டில் 76 வயது மாமியார் இருக்கிறார். மகன் தொடக்கநிலை இரண்டில் படிக்கிறான். கொவிட் மாதிரி இன்னொரு கொள்ளைநோய் வந்தால் என்ன செய்வது என்று திட்டமிட எங்கள் பள்ளியில் ஒரு சிறு குழு அமைத்து, அதில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். போன முறை வெப்பநிலை பார்த்தோம், மேசை துடைத்தோம், முகக்கவசம் போட்டோம், தள்ளித் தள்ளி உட்கார வைத்தோம். இதில் எது உண்மையாகவே எங்களைக் காப்பாற்றியது? இந்த உடல்நிலையோடு நான் வகுப்பில் நிற்கலாமா? மகனுக்கு லேசான சளி என்றால் பள்ளிக்கு அனுப்பலாமா என்பதிலேயே எனக்குக் குழப்பம்தான்.

பதில்: அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மகனுக்குச் சளி, அனுப்புவதா, வேண்டாமா? பள்ளிக்குள் கிருமி நுழைவதும் நுழையாமல் போவதும் பெரும்பாலும் காலை ஆறு மணிக்கு ஒரு வீட்டுச் சமையலறையில் எடுக்கும் இந்த முடிவில்தான் இருக்கிறது.

2022-இல் ஒரு மாலை, ஓர் அம்மா தம் ஏழு வயது மகளை என் கிளினிக்குக்கு அழைத்து வந்தார். அன்று காலையிலேயே பிள்ளைக்குக் காய்ச்சல். பாராசிட்டமால் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறார். மருந்தின் வேகம் தணிந்ததும் பிள்ளை வகுப்பிலேயே மேசைமேல் சாய்ந்துவிட்டது. ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டபோது அவர் கண் கலங்கியது. "எனக்கு லீவு தீர்ந்துபோச்சு டாக்டர்" என்றார். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகன் என்றால், ஏழு வயதுக்குக் கீழே இருக்கும்வரை வேலைக்குப் போகும் தாய்க்கும் தந்தைக்கும் ஆண்டுக்கு ஆளுக்கு 6 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. கடைசிப் பிள்ளைக்கு ஏழு வயது ஆகிவிட்டால், பன்னிரண்டு வயதுவரை அது 2 நாள்தான். ஒரு ஃப்ளூ காய்ச்சலுக்கே பிள்ளை நான்கைந்து நாள் வீட்டில் இருக்க வேண்டியிருக்கும். கணக்கு எங்கே இடிக்கிறது என்று பாருங்கள்.

அதனால் உங்கள் குழுவுக்கு நான் சொல்லும் முதல் வேலை இதுதான்: உடம்பு சரியில்லாதவர் வீட்டில் தங்குவதற்கு எது எது தடையாக இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத மாணவருக்குப் பரிசு கொடுக்கிறீர்களா? தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். சொல்வதெழுதுதலையோ சிறு தேர்வையோ தவறவிட்ட பிள்ளைக்கு மறுவாய்ப்பு உண்டு என்று பெற்றோருக்கு முன்கூட்டியே எழுதிச் சொல்லுங்கள். பகல் பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் வந்து அழைத்துப் போவார்கள் என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒவ்வொரு குடும்பத்திடமும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டி இல்லாத வீடுகள் நிறைய இருக்கின்றன. அந்த வீடுகளுக்குத்தான் உங்கள் உதவி அதிகம் தேவைப்படும்.

ஆசிரியர்களும் இதில் சேர்த்திதான். தனக்குப் பதில் வகுப்பெடுக்கும் சக ஆசிரியரை நினைத்துக் கூச்சப்பட்டு, இருமலோடு வந்து நிற்கும் ஆசிரியர்களை எனக்குத் தெரியும். துப்புரவு செய்யும் அக்காவையும் கேன்டீன் கடைக்காரரையும் காவலாளியையும் மறந்துவிட வேண்டாம். அவர்களில் பலர் வயதானவர்கள். கொவிட் பிள்ளைகளைவிட அவர்களைத்தான் கடுமையாகத் தாக்கியது. ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு சட்டப்படி உண்டு. ஆனால் எம்.சி. (மருத்துவர் தரும் விடுப்புச் சான்றிதழ்) எடுத்தால் வருகைக்கான படி போய்விடுமோ என்று அந்த அக்கா பயந்தால், சட்டம் இருந்தும் அவர் இருமிக்கொண்டேதான் வேலைக்கு வருவார். அவரை வேலைக்கு வைத்திருக்கும் குத்தகை நிறுவனத்திடம் உங்கள் பள்ளி இதைப் பேசலாம். கடை நடத்துபவரின் நிலை இன்னும் சிரமம். ஒரு நாள் மூடினால் அன்றைய வருமானம் போச்சு. அவருக்கு என்ன செய்ய முடியும் என்பதையும் குழுவில் வைத்துப் பேசுங்கள்.

சரி, மகனின் சளிக்கு வருகிறேன். சாதாரண நாளில் காய்ச்சல் இல்லாமல், நன்றாகச் சாப்பிட்டு ஓடியாடுகிற பிள்ளைக்கு வெறும் மூக்கொழுகல் என்றால், முகக்கவசம் போட்டு அனுப்பலாம். காய்ச்சல், விடாத இருமல், வாந்தி, பேதி, கையிலும் காலிலும் வாயிலும் கொப்புளம், இவற்றில் எது இருந்தாலும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் மருந்து கொடுக்காமலே 24 மணிநேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு அனுப்புங்கள். கை, கால், வாய்ப் புண் நோய் என்றால் மருத்துவர் சொல்லும் நாள்வரை வீட்டில் இருக்க வேண்டும். கொள்ளைநோய்க் காலத்தில் மட்டும் விதி மாறும்: மூக்கொழுகினாலும் வீடுதான்.

இப்போது வெப்பநிலை. 2003-இல் நுரையீரலைத் தாக்கும் சார்ஸ் என்ற தொற்று வந்தபோது மார்ச் கடைசியில் பள்ளிகளை மூடினார்கள். திறந்த பிறகு பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வெப்பமானி கொடுத்து, பள்ளியிலேயே தினமும் வெப்பநிலை பார்க்கச் சொன்னார்கள். அப்போது நான் இளம் மருத்துவர். அந்தக் காய்ச்சல் சோதனை அன்று அர்த்தமுள்ளதாக இருந்தது. சார்ஸ் கிருமி, நோயாளிக்குக் காய்ச்சல் வந்து உடம்பு மோசமான பிறகுதான் அதிகம் பரவியது. காய்ச்சல்காரரைப் பிரித்து வைத்தால் சங்கிலி அறுந்தது. இங்கே 238 பேரைத் தாக்கி, 33 பேரின் உயிரைக் குடித்த அந்த நோய் சில மாதங்களில் அடங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கொவிட் அப்படி இல்லை. அறிகுறி தெரிவதற்கு ஏறக்குறைய இரண்டு நாள் முன்பே அது பரவத் தொடங்கிவிடும். பிள்ளைகளில் பலருக்குக் காய்ச்சலே வரவில்லை. வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டிய கருவி அவர்களை எப்படிக் கண்டுபிடிக்கும்? ஃப்ளூவும் ஒரு நாள் முன்பே பரவும். ஆகவே அடுத்து வரும் கிருமி எப்போது பரவுகிறது என்பது தெரிந்த பிறகு வெப்பமானிக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்று முடிவு செய்யுங்கள். பழைய பட்டியலை அப்படியே எடுத்து ஒட்ட வேண்டாம்.

நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது காற்று. கொவிட், ஃப்ளூ, தட்டம்மை எல்லாம் நாம் மூச்சு விடும்போதும் பேசும்போதும் வெளிவரும் மிக நுண்ணிய துளிகளில் ஏறிப் பயணம் செய்பவை. மூடிய அறையில் அந்தத் துளிகள் சிகரெட் புகை மாதிரி மிதந்துகொண்டே இருக்கும். ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் புகை வந்து சேரும் அல்லவா? இதில் நமக்கு ஒரு நல்ல வசதி உண்டு. இங்கே பெரும்பாலான வகுப்பறைகளில் குளிர்சாதனம் கிடையாது. இரண்டு பக்கமும் சன்னல், மேலே மின்விசிறி. இரண்டு பக்கச் சன்னலும் திறந்திருந்தால் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும். மின்விசிறி காற்றைச் சுழற்றத்தான் செய்யும். புதுக் காற்றைக் கொண்டுவருவது சன்னல். மழை அடிக்கிறது என்று எல்லாவற்றையும் மூடிவிடாமல், சாரல் படாத பக்கத்தையாவது திறந்து வையுங்கள்.

எனக்குக் கவலை தருபவை வேறு அறைகள்: கணினி அறை, இசை அறை, கூட்ட அறை, முக்கியமாக ஆசிரியர் அறை. சுவரில் மாட்டிய சாதாரண குளிர்சாதனப் பெட்டி அறைக்குள் இருக்கும் காற்றையே மறுபடி மறுபடி குளிர்வித்துத் தரும்; வெளிக்காற்றை உள்ளே விடாது. வகுப்பில் கட்டுப்பாடாக முகக்கவசம் போட்ட ஆசிரியர்கள், ஆசிரியர் அறைக்குப் போய் அதைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துப் பேசியதால் நோய் ஒட்டியதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கரியமில வாயுவை அளக்கும் சிறிய கருவி ஒன்று வாங்கி இந்த அறைகளில் வைத்துப் பாருங்கள். வெளிக்காற்றில் அளவு 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 420 பங்கு) போல இருக்கும். அறையில் 800-க்குள் இருந்தால் நல்லது. 1,500-ஐத் தாண்டினால் ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுக்கிறார் என்று பொருள். கதவைத் திறங்கள், இல்லாவிட்டால் ஆட்களைக் குறையுங்கள். புகைமூட்டத்துக்காக வாங்கி வைத்த ஹெப்பா என்ற மிக நுண்ணிய வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் உங்கள் பள்ளியில் இருந்தால் அதை இந்த அறைகளில் ஓடவிடுங்கள். அது கிருமித் துளிகளையும் பிடிக்கும். கரியமில வாயுவை மட்டும் அது குறைக்காது. கருவியில் எண் இறங்கவில்லையே என்று பயப்பட வேண்டாம்.

அப்புறம், சாப்பாடு. முகக்கவசம் கட்டாயம் கழறும் இடம் கேன்டீன். 2020-இல் இடைவேளையை வகுப்புவாரியாக வெவ்வேறு நேரத்தில் விட்டதும், கேன்டீனில் இடம் குறித்து உட்கார வைத்ததும் மிகச் சரியான ஏற்பாடு. அதைத் திரும்பக் கொண்டுவரத் தயங்காதீர்கள். பள்ளிப் பேருந்தை யாரும் நினைப்பதில்லை. சன்னலை இரண்டு அங்குலம் திறந்து வைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

உங்கள் பாடத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. தமிழ் வகுப்புக்கு நான்கைந்து வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் எழுந்து வந்து ஒன்றாக உட்காருகிறார்கள். கணக்கு ஆசிரியருக்கு ஒரு வகுப்பு என்றால், உங்கள் அறையில் தொற்றிய ஒரு பிள்ளை நான்கு வகுப்புகளுக்கு அதைக் கொண்டுபோக முடியும். ஒரே வகுப்பிலிருந்து வருபவர்களை ஒன்றாக உட்கார வையுங்கள், நடுவில் நடைவழி விடுங்கள், யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று தினமும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது தொற்று உறுதியானால் முழு வகுப்பையும் வீட்டுக்கு அனுப்பாமல், பக்கத்தில் இருந்தவர்களை மட்டும் கவனிக்க அந்தப் படம் உதவும்.

முகக்கவசத்தோடு லகரம், ளகரம், ழகரம் சொல்லிக் கொடுப்பது எவ்வளவு பாடு என்று என் நண்பர்களான தமிழாசிரியர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நாக்கு எங்கே மடங்குகிறது என்று பிள்ளை பார்க்காமல் 'பழம்' எப்படி வரும்? அதற்காக வகுப்பில் கவசத்தைக் கழற்றாதீர்கள். வாயருகே எடுத்த காணொளி ஒன்றைத் திரையில் காட்டுங்கள், அல்லது பிள்ளைகளைத் திறந்தவெளிக்கு அழைத்துப் போய் எட்ட நின்று சொல்லிக் காட்டுங்கள். தொண்டை கிழியக் கத்தவும் வேண்டாம். உரக்கப் பேசப் பேசத் துளிகள் அதிகம் வெளிவரும். இடுப்பில் மாட்டும் சிறு மைக் போதும். எல்லாரும் சேர்ந்து செய்யுள் ஒப்பிப்பதையும் திறந்தவெளியில் வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளின் பையில் மாற்றுக் கவசம் இரண்டு இருக்கட்டும். வியர்வையில் நனைந்தது பயன்படாது. முகக்கேடயம் மட்டும் போட்டால் போதாது, அதன் பக்கவாட்டில் காற்று தாராளமாக நுழையும்.

மேசை துடைப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கொவிட்டுக்கு அது செய்த உதவி குறைவு. ஆனாலும் நாளுக்கு ஒரு முறை துடைக்கும் பழக்கத்தையும் கை கழுவுவதையும் விட்டுவிடாதீர்கள், வயிற்றுப்போக்கும் கை, கால், வாய்ப் புண் நோயும் கைவழியாக எளிதில் பரவுகின்றன. அந்தக் கிருமிகளுக்குச் சானிடைசர் அவ்வளவாக வேலை செய்யாது. சோப்பும் தண்ணீரும், 20 விநாடியும் வேண்டும்.

பள்ளியை மூடுவது கல்வி அமைச்சின் முடிவு. ஆனால் 2020 ஏப்ரல் 8-ஆம் தேதி எல்லாரும் வீட்டிலிருந்து கற்கத் தொடங்கியபோது, ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பார்த்த வீடுகளும் இருந்தன. யாருக்குக் கணினி இல்லை, யார் வீட்டில் பகலில் பெரியவர் இல்லை என்ற விவரம் உங்களிடம் முன்கூட்டியே இருந்தால், அந்தப் பிள்ளைகளை முதல் நாளே பள்ளிக்கு வரவழைத்துப் பார்த்துக்கொள்ள வழி தேடலாம்.

இனி உங்கள் உடல்நிலை. நீரிழிவு இருக்கிறது என்பதற்காக நீங்கள் வகுப்பை விட்டு விலக வேண்டியதில்லை. சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்; கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். நிமோனியாவுக்குக் காரணமான ஒரு கிருமிக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசியும் கொவிட் கூடுதல் தடுப்பூசியும் உங்களுக்கும் மாமியாருக்கும் எப்போது தேவை என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். குடியுரிமை உள்ளவர் ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசு சுகாதாரத் திட்டத்தில் பதிந்த கிளினிக்கில், பரிந்துரைக்கப்பட்ட தடுப்பூசிகளைக் கட்டணம் இல்லாமல் போட்டுக்கொள்ளலாம். தொற்று பரவும் காலத்தில் மூடிய அறைகளில் நீங்கள் மட்டும் நன்றாகப் பொருந்தும் என்95 கவசம் அணிவது நல்லது. வீட்டுக்கு வந்ததும் கைகழுவி உடை மாற்றுங்கள். உங்களுக்கோ மகனுக்கோ சளி இருக்கும் நாட்களில் மாமியாரோடு ஒரே மேசையில் சாப்பிடுவதைத் தவிர்த்துவிடுங்கள். அவருக்கு வருத்தமாக இருந்தால் காரணத்தைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் சர்க்கரையை வழக்கத்தைவிட அடிக்கடி பாருங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். வாந்தி எடுத்துச் சாப்பிட முடியாத நிலையில் மெட்ஃபார்மினைத் தொடர்வதா என்று அன்றே மருத்துவரிடம் கேளுங்கள். மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நின்றாலும் கிளினிக்குக்குப் போக வேண்டும். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, உதடு நீலம் பாய்தல், எழுப்பினால் சரியாக விழிக்காத மயக்கம், இவற்றில் ஒன்று உங்களுக்கோ மாமியாருக்கோ மகனுக்கோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆம்புலன்சுக்கு 995-ஐ அழையுங்கள்.