சத்துணவு மையத்தில் சமையல் உதவியாளர் வேலை: 3,000 ரூபாய்க்குப் போகலாமா?

ஊர்ப் பள்ளிக்கூடச் சத்துணவு மையத்தில் மனைவிக்குச் சமையல் உதவியாளர் வேலை கிடைக்கும் போலிருக்கிறது, 3,000 ரூபாய்க்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் அம்மா அதே வேலையில் 22 வருடம் இருந்தவர்.

முதலில் சம்பளம். 8,997 இடங்களை நிரப்ப அரசு போட்ட ஆணைப்படி, அந்த 3,000 தொகுப்பூதியம் (படி எதுவும் சேராத ஒரே தொகை) முதல் ஒரு வருடத்துக்குத்தான். அப்புறம் 3,000 - 9,000 என்ற சிறப்புக் காலமுறை ஊதியம், அதாவது 3,000-இல் தொடங்கி படிப்படியாக உயரும் சம்பளம், கூடவே அகவிலைப்படி. ஆனால் மற்ற அரசு ஊழியர்களைப் போன்ற முழுச் சம்பளம் இல்லை. 1982-இல் தொடங்கிய திட்டம் இது, ஆனாலும் மற்ற அரசு ஊழியர்களுக்கு உள்ளது போன்ற முறையான காலமுறை ஊதியம் கேட்டு சங்கத்துக்காரர்கள் இன்னும் மறியல் செய்கிறார்கள்.

"கூட்டுகிற, கழுவுகிற, நறுக்குகிற வேலைதானே, மத்தியானத்தோடு முடிந்துவிடும்" என்பார்கள். அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று மூன்று பேரும் இருந்தால் அது சரிதான். அம்மாவின் மையத்தில் சமையலர் ஓய்வு பெற்ற பிறகு நாலு வருடம் அந்த இடம் காலி. அமைப்பாளருக்கோ இன்னும் இரண்டு பள்ளி கூடுதல் பொறுப்பு. அம்மா ஒற்றை ஆளாக உலை வைத்து, சாம்பார் வைத்து, நூற்றுப்பத்து முட்டையையும் உரிப்பார். மணியடிப்பதற்குள் முடிக்க வேண்டும், ஆறவிட நேரமேது? சூட்டோடு உரித்தும், அண்டா குண்டானைத் தேய்த்தும் விரலில் ரேகையே போய்விட்டது. ரேஷன் கடை மெஷின் அவர் கையை ஏற்காது, தம்பிதான் போய் அரிசி வாங்கி வருவான்.

ஓய்வு பெற்றபோது மொத்தமாக 50,000 கொடுத்தார்கள். மாத ஓய்வூதியம் 2,000 ஆக இருந்தது. சுகர் மாத்திரைக்கே பாதி போய்விடும்.

வீட்டில் வேறு வருமானம் இருந்து, பிள்ளைகளும் அதே பள்ளியில் படித்தால் போகலாம். அம்மா இத்தனை வருடம் தாக்குப்பிடித்ததற்கு, நாங்கள் பள்ளிவிட்டு வரும்போது அவரும் வீட்டில் இருந்ததுதான் காரணம். இந்தச் சம்பளத்தில்தான் குடும்பம் ஓட வேண்டும் என்றால் வேண்டாம், தினக்கூலிக்குப் போனாலே இதைவிட அதிகம் வரும்.

எப்படியிருந்தாலும், விண்ணப்பத்தைக் கொடுக்கும் முன் ஒருநாள் பதினொரு மணிவாக்கில் அந்த மையத்துக்குப் போய், சமையலர் என்று ஓர் ஆள் அங்கே இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.