ஆறப் பொறுப்பது – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஏழு மாதமாகக் காணொளிகளைப் பார்த்துக் கண்ணாடி வேலை கற்றுவருகிறேன். சின்னதாக ஒரு மின்சூளை வைத்திருக்கிறேன். 6 மி.மீ. தட்டுகள் நன்றாகவே வருகின்றன. போன மாதம் 3 மி.மீ. தகடுகள் எட்டை அடுக்கி, சுற்றிலும் தடுப்பு வைத்து உருக்கி, ஒரு கனமான கட்டி செய்தேன். விரிவெண் (சூட்டில் கண்ணாடி எவ்வளவு விரியும் என்று காட்டும் எண்) 90 உள்ள கண்ணாடி. காணொளியில் சொன்ன அட்டவணையை அப்படியே பின்பற்றினேன். எடுத்தபோது அவ்வளவு அழகு. 19 நாள் கழித்து, யாரும் தொடாமலே, அலமாரியில் இருந்தபடி இரண்டாகப் பிளந்துவிட்டது. பிளவு பாம்பு போல நெளிந்து போகிறது.

விலை கூடிய கண்ணாடி கட்டர் வாங்கலாமா? கட்டணப் பயிற்சியில் சேரலாமா? காணொளி பார்த்து இதையெல்லாம் கற்கவே முடியாதா?

தி.

அன்புள்ள தி.,

கட்டர் கேள்வியைத் தள்ளிவைப்போம். சக்கரம் மழுங்காமல், ஒரு சொட்டு எண்ணெயோடு இருந்தால் எந்தக் கட்டரும் போதும். ஓரத்தில் தொடங்கி ஓரத்தில் முடிகிற ஒரே இழுப்பு, அவ்வளவுதான். அதே கோட்டில் இரண்டாம் முறை ஓட்டினால் சக்கரமும் கெடும், பிளவும் தன் இஷ்டத்துக்குப் போகும். கோடு வெள்ளையாகப் பொடி உதிர்த்தால் அழுத்தம் அதிகம். அழுத்தத்தைத் திரையில் காட்ட முடியாது, சீராகக் கிழிபடும் அந்தச் சத்தத்தை மட்டும்தான் கேட்க வைக்க முடியும். அதன் மேலும் பின்னணி இசையைப் போட்டு மூடிவிடுகிறார்கள், புண்ணியவான்கள்.

பயிற்சியில் சேர்வதும் சேராததும் உங்கள் விருப்பம். நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்ட 19 நாள்தான் எனக்கு முக்கியம்.

ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டும் என்பது சோற்றுக்குச் சொன்னது. கண்ணாடிக்கு அது அப்படியே இயற்பியல். காணொளியில் என்ன பார்த்தீர்கள்? சூளை மூடியைச் சாத்துகிறார்கள். காட்சியில் ஒரு வெட்டு. மூடியைத் திறக்கிறார்கள், பளபளவென்று கண்ணாடி. அந்த வெட்டுக்குள் போன மணிநேரங்கள்தான் இந்தக் கலையில் பாதி. அதை யாரும் படம்பிடிப்பதில்லை. பிடித்தாலும் என்ன தெரியும்? மூடிய பெட்டியும் மெல்ல இறங்கும் எண்களும்.

சுமார் 800 பாகை செல்சியஸில் கண்ணாடி தேன் போல இளகிக் கிடக்கிறது. ஆறும்போது வெளிப்பக்கம் முதலில் இறுகுகிறது, உள்ளே இன்னும் சூடு. பிறகு உள்பக்கமும் ஆறிச் சுருங்கப் பார்க்கிறது. ஏற்கெனவே இறுகிய வெளிப்பக்கம் விடுவதில்லை. அந்த இழுபறி கண்ணாடிக்குள் அப்படியே உறைந்துவிடும். இதைத் தளர்த்தத்தான் அனீலிங். 482 பாகையில் நிறுத்தி, உள்ளும் புறமும் ஒரே சூட்டுக்கு வரும்வரை காத்திருந்து, பிறகு இரண்டும் சேர்ந்தே ஆறும்படி மெதுவாக இறக்க வேண்டும். (விரிவெண் 96 கண்ணாடிக்கு நிறுத்தும் சூடு 510 அளவில்.)

உங்கள் காணொளிக்காரரின் அட்டவணை எனக்குப் பார்க்காமலே தெரியும்: 482-இல் ஒரு மணி நேரம், மணிக்கு 83 பாகையாக 371 வரை, பிறகு சூளையை அணைத்துவிடுவது. 6 மி.மீ. தட்டுக்கு அது சரி. நீங்கள் வைத்தது ஏறக்குறைய 25 மி.மீ. கட்டி! அதற்கு 482-இல் நான்கு மணி நேரம். பிறகு மணிக்கு 15 பாகையாக 427 வரை. 27 பாகையாக 371 வரை. அதன் பிறகும் அணைத்துவிட்டுப் போக முடியாது, மணிக்கு 90 பாகையைத் தாண்டக்கூடாது. கூட்டிப் பாருங்கள், பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் வரும். 50 மி.மீ. கட்டி என்றால் நாற்பத்தாறு மணி நேரத்துக்கு மேல். கனம் இரண்டு மடங்கானால் ஆறும் வேகம் நான்கில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். அமெரிக்காவின் பலோமார் தொலைநோக்கியின் 200 அங்குல ஆடியை 1934 டிசம்பரில் வார்த்தார்கள், அதை ஆறவைக்க ஏறத்தாழ பத்து மாதம் பிடித்தது.

‘அப்படியே பின்பற்றினேன்’ என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எட்டுத் தகடு அடுக்கிய கை, இந்த அட்டவணை எத்தனை தகட்டுக்கு என்று ஒரு நொடி யோசிக்க வேண்டாமா? அவர் பொய் சொல்லவில்லை. அவர் தன் தட்டுக்குச் சொன்னார், நீங்கள் உங்கள் கட்டிக்குக் கேட்டுக்கொண்டீர்கள்.

ஏன் உடனே உடையவில்லை, ஏன் 19 நாள்? மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் இருந்தால் போதும். உள்ளே இருக்கும் இழுவிசையும் காற்றின் ஈரமும் சேர்ந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டும், ஒருநாள் முழுதாக ஓடிவிடும். நிறங்களைப் பொருட்படுத்தாமல் நெளிந்து போகும் பிளவு பெரும்பாலும் அவசரமாக ஆறவைத்ததன் அடையாளம். இரண்டு நிறம் சேரும் எல்லையை ஒட்டியே போயிருந்தால் பொருந்தாத கண்ணாடிகளைக் கலந்திருக்கிறீர்கள் என்று சொல்லியிருப்பேன்.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். மடிக்கணினியின் எல்சிடி திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்துவையுங்கள். போலரைஸ்டு குளிர்கண்ணாடி ஒன்றைத் திரைக்கு முன்னால் பிடித்து, திரை இருட்டாகும்வரை திருப்புங்கள். இரண்டுக்கும் நடுவே உங்கள் கண்ணாடித் துண்டை நீட்டுங்கள். ஒழுங்காக ஆறிய துண்டு இருட்டாகவே இருக்கும். இறுக்கம் உள்ள இடம் வெள்ளை வெள்ளையாக ஒளிரும், முக்கியமாக மூலைகளில். துண்டு அறைச் சூட்டில் இருக்கட்டும். விரலால் அழுத்திப் பிடித்தால் விரலின் சூட்டுக்கே அந்த இடம் ஒளிர்ந்து ஏமாற்றும். ஒளி ஊடுருவாத நிறங்களில் இந்தச் சோதனை செல்லாது. அவற்றை ஒரு தெளிந்த தகட்டின் மேல் சிறு துணுக்குகளாக உருக்கி, துணுக்கைச் சுற்றி ஒளிவட்டம் வருகிறதா என்று பாருங்கள், வந்தால் பெரும்பாலும் அது தகட்டோடு பொருந்தாத கண்ணாடி.

காணொளி பார்த்துக் கற்கலாம், தாராளமாக. வெட்டு வரும் இடத்தில் நிறுத்தி, எத்தனை மணி நேரம், எவ்வளவு கனம், எந்த விரிவெண் என்று மூன்றையும் கேளுங்கள். விவரிப்பில் இல்லையென்றால் அந்தக் காணொளி உங்களுக்கு உதவாது.

பிளந்த கட்டியைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். இரண்டு பாதிக்குள்ளும் இறுக்கம் இன்னும் மிச்சமிருக்கும், முதலில் திரையில் பாருங்கள். பிறகு கழுவி, உலர்த்தி, தடுப்புக்குள் சேர்த்துவைத்து மறுபடி ஏற்றுங்கள். ஆறவைக்கும் அதே நிதானத்தில், மணிக்கு 15 பாகையாக 540 வரை. ஏறுவதற்கே ஒன்றரை நாள் ஆகும். நடுவில் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிடாதீர்கள்.