அம்மாவுக்கு என்ன ஆபரேஷன் நடந்தது?

அன்புள்ள டாக்டர்,

கர்ப்பப்பை இறக்கத்துக்காக என் அம்மாவுக்கு இரண்டு வருடம் முன்பு ஆபரேஷன் நடந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'வி.ஹெச். வித் பி.எஃப்.ஆர்.' என்று ஒரே வரி. இப்போது மறுபடி ஏதோ இறங்குகிறது. புது டாக்டர் அந்த வரியைப் படித்துவிட்டு, "மேல்நுனியை எதிலாவது கட்டினார்களா?" என்று எங்களையே கேட்கிறார். வயிற்று வழியாக மெஷ் என்ற வலை வைக்கலாமாம். அமெரிக்காவில் மெஷ்ஷுக்குத் தடை என்று படித்தேனே? இந்த ஆபரேஷன்களுக்கெல்லாம் பொதுவான பெயர்கள் கிடையாதா?

கோமதி, தஞ்சாவூர்

அன்புள்ள கோமதி,

புது டாக்டர் கேட்டது சரியான கேள்வி. வி.ஹெச். என்பது கர்ப்பப்பையைக் கீழ்வழியாக எடுத்தது. சிக்கல் பி.எஃப்.ஆரில்தான். பெல்விக் ஃப்ளோர் ரிப்பேர் என்று, யோனியின் முன்சுவரையும் பின்சுவரையும் இறுக்கித் தைத்ததைத்தான் பெரும்பாலும் எழுதுவார்கள். கர்ப்பப்பை போனபின் யோனியின் மேல்நுனியை ஏதாவது லிகமென்டில், அதாவது உறுதியான நாரில், கட்டினார்களா என்பது அதில் வராது. கட்டாமல் விட்டதால் இறங்கியிருக்கலாம், கட்டியும் இறங்குவதுண்டு. அடுத்து என்ன செய்வது என்பது இதைப் பொறுத்து மாறும்.

பொதுப் பெயர்கள் இருக்கின்றன, தாமதமாகத்தான் வந்தன. இறக்கத்தை சென்டிமீட்டரில் அளக்கும் 'பாப்-க்யூ' முறை 1996இலேயே வந்துவிட்டது. ஆபரேஷன்களுக்கோ, இந்த இறக்கப் பிரச்சினைகளைக் கவனிக்கும் யூரோகைனகாலஜி துறையின் அமெரிக்கச் சங்கமும் சர்வதேசச் சங்கமும் சேர்ந்து 2020இல்தான் பெயர்களையும் விளக்கங்களையும் வெளியிட்டன. அதில் உள்ள பல பெயர்கள் கட்டிய இடத்தையே சொல்லிவிடும். சாக்ரோஸ்பைனஸ் ஃபிக்சேஷன் என்றால் இடுப்பில் அதே பெயருள்ள லிகமென்ட்; சாக்ரோகால்போபெக்ஸி என்றால் முதுகுத்தண்டின் அடியிலுள்ள சாக்ரம்.

ஆட்களின் பெயர் வைத்த ஆபரேஷன்களில் இந்த வசதி இல்லை. பம்பாய் டாக்டர்கள் ஷிரோட்கர், புரந்தரே இருவரின் முறைகளும் கர்ப்பப்பையை எடுக்காமல் நாடாவால் தூக்கிக் கட்டுபவை. ஆனால் ஷிரோட்கர் முறையில் நாடா பின்னால் சாக்ரம் பக்கம் போகும், புரந்தரே முறையில் முன்னால் வயிற்றுச் சுவருக்கு வரும். பெயரைப் பார்த்து யார் இதைக் கண்டுபிடிப்பது? பெரியவர்கள் மேல் மரியாதையெல்லாம் சரி, கட்டிய இடத்தையும் கேஸ் ஷீட்டில் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

மெஷ் விஷயத்தில் உங்கள் குழப்பம் நியாயமானது. 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவச் சாதனக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. விற்பனையை நிறுத்தச் சொன்னது, இறக்கத்துக்காக யோனி வழியாக வைக்கும் மெஷ்ஷை மட்டும். வயிற்று வழியாக சாக்ரோகால்போபெக்ஸியில் வைப்பது அந்த உத்தரவில் சேராது. அதற்காக அதில் ஆபத்தே இல்லை என்றில்லை. மெஷ் பின்னாளில் அரித்துக்கொண்டு வெளியே தெரிய வாய்ப்புண்டு, அதைப் புது டாக்டரிடமே கேளுங்கள்.

முதல் வேலையாக, பழைய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நோட்ஸை எழுத்து மூலம் கேளுங்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிப்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். ஆனால் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 வருடம்தான் வைத்திருக்கக் கட்டாயம், தள்ளிப்போடாதீர்கள். கிடைத்தால் எதில் கட்டியது, கரையும் நூலா கரையாததா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால், அம்மாவைப் பரிசோதித்து பாப்-க்யூ அளவுகளை எழுதித் தரும்படி புது டாக்டரிடம் சொல்லுங்கள். மறுபடி ஆபரேஷன் என்று முடிவானால், அந்தப் புது ஆபரேஷனின் நோட்ஸ் நகலை டிஸ்சார்ஜ் அன்றே கையில் வாங்கிவிடுங்கள்.