ஆப்பிரிக்க வம்சாவளியும் தொற்றுநோயின் தீவிரமும்: கேள்வி பதில்

ஒரே கிருமி ஒருவரைச் சாய்த்துவிடுகிறது, இன்னொருவரைச் சும்மா விட்டுவிடுகிறது. மரபணுவில் இதற்குக் காரணம் தேடுவது என் துறை. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் நடக்கும் ஆய்வுகள் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள்.

மனிதர்கள் எல்லோரும் ஒன்றுதானே, ஆப்பிரிக்கர்களை ஏன் தனியாக ஆராய வேண்டும்?

மரபணு வேறுபாடு மிக அதிகமாக இருப்பது ஆப்பிரிக்காவில்தான். ஆனால் 2018 வரை நோய்க்கும் மரபணுவுக்கும் தொடர்பு தேடி நடந்த பெரிய ஆய்வுகளில் சுமார் 78 சதவீதம் பேர் ஐரோப்பிய வம்சாவளியினர். ஆப்பிரிக்க வம்சாவளியினர் 2 சதவீதம்தான்.

இதில் நஷ்டம் எல்லோருக்கும். கொரோனா தீவிரமாவதைத் தடுக்கும் ஒரு மரபணுத் துண்டு ஐரோப்பியர்களிடம் உண்டு, அழிந்துபோன பண்டைய மனித இனமான நியாண்டர்தால்களிடமிருந்து வந்தது. அதிலுள்ள மாற்றங்கள் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால், காப்பது எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் அவற்றில் ஒன்று மட்டும், ஓஏஎஸ்1 மரபணுவில், நியாண்டர்தால் கலப்பில்லாமல் தனியே இருக்கிறது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 2,787 நோயாளிகளை ஏறத்தாழ 1,31,000 பேருடன் ஒப்பிட்ட ஆய்வு 2022இல் வந்தது. அந்த ஒரு மாற்றம் மட்டும் உள்ளவர்களுக்கும் அதே அளவு பாதுகாப்பு! எது காக்கிறது என்பது அப்போதுதான் தெளிந்தது.

அமெரிக்காவில் கறுப்பினத்தவர் கொரோனாவில் அதிகம் இறந்தது மரபணுவாலா?

அதற்கு ஆதாரம் இல்லை. கொரோனாவைத் தீவிரமாக்குவதில் முக்கியமான மூன்றாம் குரோமோசோம் துண்டு ஆப்பிரிக்காவில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அது மிக அதிகமாக இருப்பது நம் தெற்காசியாவில். வெளியே போய்ச் செய்தே ஆக வேண்டிய வேலை, நெருக்கமான வீடு, தாமதமான சிகிச்சை, இவற்றைப் பாருங்கள். தோல் நிறத்தை வைத்து மரபணுவை ஊகிக்காதீர்கள்.

சிவப்பணுவை அரிவாள் வடிவாக்கும் அரிவாள் செல் மரபணு எனக்குப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருக்கிறது. கென்யா போகிறேன், மலேரியா மாத்திரை வேண்டாமா?

வேண்டும். அது கடுமையான மலேரியாவிலிருந்துதான் பெருமளவு காக்கும், தொற்றைத் தடுக்காது. எந்த மாத்திரை என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கறுப்பினத்தவர் உடலே கொரோனாவுக்கு பலவீனமானது என்கிறார்களே?

இரண்டு பதில்களுக்கு முன்பே சொல்லிவிட்டேன்.

நிறத்தைப் பார்க்காதீர்கள் என்கிறீர்கள். கறுப்பினத்தவரின் சிறுநீரக நோயோடு சேர்த்துப் பேசப்படும் ஏபிஓஎல்1 மரபணு மட்டும் என்ன?

நல்ல மடக்கு. இந்த மரபணுவின் இரண்டு வகைகள் ஆப்பிரிக்கத் தூக்க நோய்க் கிருமிகளுக்கு எதிராக உதவுபவை. அதனால்தான் மேற்கு ஆப்பிரிக்காவில் பரவின என்று கருதப்படுகிறது. ஆனால் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் சிறுநீரக நோய் ஆபத்து கூடும். கொரோனா வந்தபோது அப்படிப்பட்ட சிலருக்குச் சிறுநீரகம் கடுமையாகப் பாதித்தது. சரி, எத்தியோப்பியாவில்? இந்த வகைகள் அங்கே ஏறக்குறைய இல்லை. எத்தியோப்பியரையும் நைஜீரியரையும் ஒரே கட்டத்தில் போட்டால் இருவருக்கும் தவறான மருத்துவம்தான் கிடைக்கும்.

அப்படியென்றால் மருத்துவர்கள் ஏன் இனம் கேட்டார்கள்? அவர்கள் எல்லோரும் முட்டாள்களா?

இல்லை. கையில் மரபணுச் சோதனை இல்லாத காலத்துக் குறுக்குவழி அது. சிறுநீரகத் திறனைக் கணக்கிடும் சூத்திரத்தில் கறுப்பினத்தவருக்கென்று தனிப் பெருக்கல் எண்கூட இருந்தது. அது சிலருடைய சிறுநீரகத்தை உண்மையைவிட நன்றாகக் காட்டியது. மாற்று உறுப்புக்கான வரிசையில் சேர்வதே தள்ளிப்போனது. 2021இல் வந்த புதிய சூத்திரத்தில் இனம் இல்லை. ஏபிஓஎல்1 சந்தேகமா, ஏபிஓஎல்1ஐச் சோதியுங்கள்.

வீட்டில் எச்சில் எடுத்து அனுப்பும் மரபணுச் சோதனை என் ஆபத்தைச் சொல்லுமா?

தொற்றுநோய்க்கு, அதை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

கறுப்பினத்தவர் மரணம், மரபணு...

இந்தக் கேள்விக்கு இனி பதில் எழுத மாட்டேன்.

இந்த ஆய்வுகளால் ஆப்பிரிக்க மக்களுக்கு என்ன பயன்?

கென்யாவின் கிலிஃபியில் டான்டு என்ற அரிய ரத்த வகை உண்டு. அதை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்ற குழந்தைகளுக்குக் கடுமையான மலேரியா ஆபத்து சுமார் 70 சதவீதம் குறைவு. அவர்களுடைய சிவப்பணுவின் சவ்வு விறைப்பாக இருப்பதால் ஒட்டுண்ணி எளிதில் நுழைய முடிவதில்லை என்று 2020இல் காட்டினார்கள். அந்த விறைப்பை மருந்தால் கொண்டுவர முடியுமா என்பது அடுத்த வேலை. அதைக் கிலிஃபியிலேயே தொடர்ந்து செய்யப் பணமும் ஆளும் வேண்டும். மாதிரியை மட்டும் எடுத்துக்கொண்டு வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் பறக்கும் பழக்கம் ஒழிய வேண்டும்.