ஆடி அமாவாசைக்கும் உவரிக் கடற்கரைக்கும் ஒரே டென்ட் ஆகுமா?

கேள்வி: பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன் அண்ணாச்சி. நான், மனைவி, 12 வயது மகள், 7 வயது மகன். வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் தார்ப்பாய் கட்டித்தான் தங்குவோம். போன தடவை சாரலில் பிள்ளைகள் நனைந்துவிட்டார்கள். அப்புறம் நண்பர் ஒருவரோடு பைக்கில் உவரிப் பக்கம் போய் ஒரு ராத்திரி தங்கி வருவதும் உண்டு. ஆன்லைனில் 'நாலு பேர் டென்ட்' 1,500 ரூபாய்க்குப் பார்த்தேன். அதையே ரெண்டுக்கும் வைத்துக்கொள்ளலாமா, இல்லை பெரிய ஆறு பேர் டென்ட் வாங்கட்டுமா?

பதில்: ரெண்டும் வேண்டாம் தம்பி. மூன்று பேர் அளவில் நல்ல டென்டாக ரெண்டு வாங்குங்கள், பழைய தார்ப்பாயையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த 'நாலு பேர்' கணக்கு. அந்த விலையில் வருகிற டென்டுகளின் தரை பெரும்பாலும் 200-க்கு 200 செ.மீ. தான், நாலால் வகுத்தால் ஆளுக்கு 50 செ.மீ., புரண்டு படுக்க வழியில்லை, பை வைக்க இடம் கிடையாது. நீளமும் ஆறரை அடிதான், அதிலும் ஓரத்தில் துணி சரிந்து வருவதால் தலையோ காலோ முட்டும், மழை நேரத்தில் முட்டின இடத்தில் ஈரம் உள்ளே வந்துவிடும். வீட்டு ஹாலில் சாக்பீஸால் அந்த அளவுக்குக் கட்டம் போட்டு, பாயை விரித்து (பத்தமடைப் பட்டுப்பாய் அல்ல, சாதாரணக் கோரைப்பாய்) நாலு பேரும் ஒருதரம் படுத்துப் பாருங்கள், புரிந்துவிடும். பொதுவாகப் பெட்டியில் போட்டிருக்கும் ஆள் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்துக்கொண்டால் ஏறக்குறைய சரியாக இருக்கும்.

அடுத்தது இதைவிட முக்கியம். நம் ஊர்ப் பக்கம் டென்டில் படுப்பவனுக்குக் குளிர் ஒரு பிரச்சினையே இல்லை, புழுக்கமும் காற்றும் பக்கவாட்டில் அடிக்கிற சாரலும்தான் பிரச்சினை. விலை குறைந்த டென்டுகள் ஒற்றைத் துணியில் வரும், மேலே தொப்பி மாதிரி ஒரு சின்ன மழைத்துணி இருக்கும். நேராக விழுகிற மழைக்கு அந்தத் தொப்பி போதும், சாரலுக்கு எந்தப் பிரயோசனமும் இல்லை. சரி, எல்லா ஜன்னலையும் மூடிவிடலாம் என்று மூடினால் நாலு பேர் விடுகிற மூச்சின் ஈரம் துணியில் பட்டுத் தண்ணீராகி உள்ளேயே சொட்டும். காலையில் எழுந்து 'டென்ட் ஒழுகுது' என்று திட்டுகிறவர்களில் பாதிப் பேர் டென்டில் ஒழுகினது அவர்கள் மூச்சுதான். ஆகவே இரட்டை அடுக்கு பார்த்து வாங்குங்கள்: உள்ளே கொசுவலை, வெளியே தரைக்குப் பக்கத்தில் வரை இறங்குகிற தனி மழைத்துணி, ரெண்டுக்கும் நடுவே காற்று ஓட இடைவெளி. சித்திரை வெயில் காலத்தில் மேல்துணியைக் கழற்றிவிட்டு வலையோடு மட்டும் படுத்துக்கொள்ளலாம், ஒற்றைத் துணியில் அது முடியாது.

விற்பனைப் பக்கத்தில் '190டி' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது நூல் எவ்வளவு நெருக்கம் என்பதற்கான எண், தண்ணீர் தாங்குவதற்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. நீங்கள் தேட வேண்டியது மில்லிமீட்டரில் போட்டிருக்கும் எண்ணை, துணி எவ்வளவு உயரத் தண்ணீரின் அழுத்தத்தைக் கசியாமல் தாங்கும் என்பதை அதுதான் சொல்லும். மேல்துணிக்கு 2,000 மி.மீ. இருந்தால் நல்லது, தரைக்கு 3,000 பாருங்கள், ஏனென்றால் ஈரத் தரையில் நாம் முழங்காலை ஊன்றும்போது அழுத்தம் அதிகம். அந்த எண்ணே போடாத டென்டை மழைக்கு நம்பாதீர்கள். தையல்களின் உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள், துணி நல்லதாக இருந்தும் தையல் ஓட்டை வழியாக ஒழுகுகிற டென்டுகள் நிறைய.

இப்போது காரையாறு, அதாவது நீங்கள் தங்குகிற சொரிமுத்து அய்யனார் கோயில் பக்கம். ஆடி அமாவாசைக் கூட்டத்தில் ஆறு பேர் டென்ட் விரிக்கிற அளவு சமதளம் கிடைப்பதே கஷ்டம். எத்தனை நாள் தங்கலாம், சொந்த வண்டி மேலே போகலாமா, இல்லை கீழேயே நிறுத்திவிட்டுப் பஸ்ஸில்தான் போக வேண்டுமா என்பதெல்லாம் அந்தந்த வருஷத்து அறிவிப்பைப் பொறுத்தது. பஸ் என்றால் அரிசி, பாத்திரம், பிள்ளைகளோடு பெரிய டென்ட் மூட்டையையும் ஏற்றி இறக்கிப் பாருங்கள், அப்போது என்னைத் திட்ட மாட்டீர்கள். மூன்று பேர் டென்ட் ஒன்று மூன்று, நாலு கிலோதான் இருக்கும், ஆளுக்கு ஒன்றைத் தூக்கிக்கொள்ளலாம். ரெண்டையும் வாசல் எதிரெதிராக வருகிற மாதிரி அடித்து, நடு இடத்துக்கு மேலே பழைய தார்ப்பாயைச் சரிவாகக் கட்டிவிட்டால் உட்கார, செருப்பு விட, ஈரத்துணி போட ஒரு திண்ணை கிடைத்துவிடும். ஒன்றில் நீங்களும் மகனும், இன்னொன்றில் அம்மாவும் மகளும். சமையல் அந்தத் திண்ணையிலும் வேண்டாம், நல்ல தள்ளி. டென்ட் துணி பாலியஸ்டர், பொறி பட்டால் உருகும், மூடின டென்டுக்குள் அடுப்பு வைத்தால் புகையைவிடக் கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு மோசம். ஆற்று மணலும் பாறையும் படுக்கச் சுகமாகத் தெரியும், ஆனால் மேலே அணை இருக்கிறது, மலையில் மழை பெய்தாலும் தண்ணீர் திறந்தாலும் ஆறு ஏறிவிடும், மேட்டில் அடியுங்கள். அடியில் போடுகிற ஷீட் டென்டின் தரையைவிட நாலு பக்கமும் ரெண்டு அங்குலம் சின்னதாக இருக்கட்டும், வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத்தண்ணீரைப் பிடித்து உங்கள் முதுகுக்குக் கீழேயே கொண்டுவந்து சேர்த்துவிடும்.

உவரிக்கு அந்த ரெண்டில் ஒன்றைப் பைக்கில் கட்டிக்கொண்டு போங்கள், ரெண்டு பேருக்குத் தாராளம். அங்கே கதை வேறு. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று சும்மா வருவதில்லை, முப்பந்தல், பணகுடி, ராதாபுரம் பக்கமெல்லாம் காற்றாலை நிற்பது அதனால்தான். உயரமான டென்ட் அதில் பாய்மரம் ஆகிவிடும். தாழ்வான டோம் டென்டை முதுகு மேற்கே பார்க்க, வாசல் கிழக்கே பார்க்க அடியுங்கள், நல்லவேளையாகக் கடலும் அந்தப் பக்கம்தான். கூடவே வருகிற மெல்லிய கம்பி முளைகள் மணலில் நிற்காது. நாலைந்து பழைய கட்டைப் பைகளில் மணல் நிரப்பி, கயிற்றை அதில் கட்டி ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்துவிடுங்கள், இழுத்தாலும் வராது. டென்டைத் தூக்கி நிறுத்துகிற வளைகம்பி அலுமினியமாக இருந்தால் நல்லது, பலத்த காற்றில் ஃபைபர் கம்பி பிளந்துவிடும், அலுமினியம் வளைந்தாலும் ராத்திரியை ஓட்டிவிடலாம். விலை கூடும்தான், ஒரு டென்டையாவது அப்படி வாங்குங்கள், உவரிக்கு அதுவே போகட்டும். ஐப்பசி, கார்த்திகையில் காற்று திரும்பிக் கடலிலிருந்து வரும், அப்போது டென்டையும் திருப்ப வேண்டும். கனமழை எச்சரிக்கை இருந்தால் போகவே வேண்டாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அதற்கெல்லாம் எந்த டென்டும் கிடையாது.

தூக்கிப் போட்டால் தானாக விரிகிற பாப்-அப் டென்ட் பகலில் பிள்ளைகள் நிழலுக்கு உட்கார மட்டும், மடக்கினாலும் பெரிய வட்டமாக இருப்பதால் பைக்கில் கட்ட முடியாது. நிமிர்ந்து நிற்கிற உயரத்தில் வரும் குடும்ப டென்ட், காரில் போய்க் கடையம் பக்கம் தோப்பில் ரெண்டு நாள் தங்குகிறவர்களுக்குச் சரி. பனிக்கான டென்ட் நமக்கு வேண்டாம், உள்ளே வெந்துபோவீர்கள். நல்ல டென்ட் வந்துவிட்டது என்று மாஞ்சோலைப் பக்கம் காட்டுக்குள் போய் அடித்துவிட நினைக்காதீர்கள், அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், அனுமதி இல்லாமல் ராத்திரி தங்கினால் வழக்குதான்.

வாங்கினதும் மொட்டை மாடியில் விரித்து, ஹோஸ் பைப்பால் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பத்து நிமிஷம் தண்ணீர் அடியுங்கள், உள்ளே மகனை டார்ச்சோடு உட்காரவைத்துத் தையல் தையலாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஒழுகினால் திருப்பி அனுப்புகிற தேதி தாண்டுவதற்குள் அனுப்பிவிடுங்கள். ஒழுகவில்லையென்றால் நன்றாகக் காயவைத்து மடியுங்கள், ஈரத்தோடு மடித்தால் அடுத்த ஆடிக்குள் பூசணம் பிடித்து, துணியின் பூச்சும் பிசுபிசுத்துப் போகும்.