விளையாட அனுப்பும் முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

கோயம்புத்தூரிலிருந்து அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கும் ஃபிரிஸ்கோவுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகன் பள்ளி விட்டு வந்து, "இன்னைக்கு லைட்டை அணைச்சிட்டு எல்லாரும் மூலையில ஒளிஞ்சோம்மா, சத்தமே போடக் கூடாதாம்" என்று சொன்னதிலிருந்து உங்களுக்குத் தூக்கம் இல்லை. இந்த நேரத்தில் உங்கள் கணவரை அலுவலக நண்பர்கள் சனிக்கிழமை துப்பாக்கி சுட்டுப் பழகும் ஷூட்டிங் ரேஞ்சுக்குக் கூப்பிடுகிறார்கள். பள்ளித் துப்பாக்கிச் சூடுகளில் இத்தனை பிள்ளைகள் செத்தும் ஏன் துப்பாக்கிச் சட்டத்தை மாற்றவில்லை, பேசாமல் ஊருக்கே திரும்பிவிடலாமா என்று கேட்டீர்கள்.

நான் பக்கத்து ஊரான பிளேனோவில் 26 வருடமாக இருக்கிறேன். இரண்டு பிள்ளைகளை இங்கேயே படிக்க வைத்து வளர்த்தவள். உங்களுக்கு வந்த பயம் எனக்கும் வந்தது, இன்னும் முழுதாகப் போகவில்லை.

முதலில் ரேஞ்ச் விஷயம், அதுதான் அவசரம். கணவரைப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். ஹெச்1பி (வேலை), ஹெச்4 (அவர்கள் குடும்பத்தார்) போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்திய சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு என்பது போல ஒன்றிரண்டு உண்டு. ரேஞ்சில் வாடகைக்கு வாங்கிக் கையில் பிடிப்பதும் இந்தத் தடைக்குள் வரலாம். டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல், 21 வயது நிரம்பிய பெரும்பாலானோர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியோடு நடமாடலாம். அதனால் "இங்க யாரும் கேக்க மாட்டாங்க" என்று நண்பர்கள் நல்ல மனதோடுதான் சொல்வார்கள். ஆனால் மாநிலச் சட்டம் விட்டதை மத்திய சட்டம் பிடிக்கும். "விசா காரணமாக முடியாது" என்று சொன்னால் போதும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்து பள்ளி. "லாக்ஸ், லைட்ஸ், அவுட் ஆஃப் சைட்" என்று உங்கள் மகன் ராகம் போட்டுச் சொல்லியிருப்பானே, அதுதான் லாக்டவுன் பயிற்சி. கதவைப் பூட்டு, விளக்கை அணை, கண்ணில் படாமல் இரு. பள்ளியிலிருந்து குறுஞ்செய்தி வரும்போது ஒரு வித்தியாசம் தெரிந்திருக்கட்டும். 'செக்யூர்' என்றால் ஆபத்து வெளியே எங்கேயோ இருக்கிறது, வெளிக்கதவுகளைப் பூட்டிவிட்டு உள்ளே பாடம் நடக்கிறது என்று அர்த்தம். 'லாக்டவுன்' என்றால்தான் ஆபத்து உள்ளே. இது தெரியாமல் முதல் தடவை நான் வேலையை விட்டு அழுதுகொண்டே பள்ளிக்கு ஓடினேன். வாசலில் ஆயுதம் ஏந்திய காவலரைப் பார்த்திருப்பீர்கள். 2022 மே மாதம் இதே டெக்சாஸில் யுவால்டி ஊர்ப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு 2023-இல் வந்த சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் அப்படி ஒருவர் இருக்க வேண்டும்.

சட்டம் ஏன் மாறவில்லை? அடியில் இருப்பது, ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும் அரசியல் சாசனத்தின் இரண்டாம் திருத்தம், 1791-இல் சேர்த்தது. அந்த உரிமை ஊர்க்காவல் படைக்கா, தனி மனிதருக்கா என்று வெகுகாலம் வாதம் நடந்தது. தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது தனி மனித உரிமை என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 ஜூன் 23 அன்று அதை வீட்டுக்கு வெளியேயும் நீட்டியது. எந்தக் கட்டுப்பாடும் இந்த நாட்டின் பழைய மரபோடு பொருந்த வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. இரண்டே நாள் கழித்து, கிட்டத்தட்ட 30 வருடத்தில் முதல் பெரிய துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் அப்போதைய அதிபர் பைடன் கையெழுத்திட்டார். அதில் 21 வயதுக்குக் குறைந்தவர்கள் வாங்கும்போது கூடுதல் சோதனை உண்டு. ஒரே வாரத்தில் ஒரு கை இறுக்கியது, இன்னொரு கை தளர்த்தியது.

இன்னொரு தடை நாடாளுமன்றம். அதன் மேலவையான செனட்டில் 100 பேரில் 60 பேர் சம்மதிக்காமல் பெரும்பாலான மசோதாக்கள் நகராது. கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 சின்னஞ்சிறு பிள்ளைகள் சுட்டுக் கொல்லப்பட்ட நான்காம் மாதம், 2013 ஏப்ரலில், வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்கும் விதியை விரிவாக்க 54 பேர் ஓட்டுப் போட்டார்கள். அப்படியும் தோற்றது.

நம் பக்கத்து ஊரான ஆலனில் இருக்கும் அவுட்லெட் மால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாவை நாம் எல்லோரும் கூட்டிப் போகும் இடம். 2023 மே 6, சனிக்கிழமை, அங்கே 8 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இந்தியாவிலிருந்து வந்து வேலை பார்த்த ஒரு பெண்ணும் அதில் உண்டு. முந்தின வாரம்தான் நானும் என் நாத்தனாரும் அங்கே செருப்பு வாங்கினோம். அந்தத் திங்கட்கிழமை மாநிலத் தலைநகர் ஆஸ்டினில், சில வகைப் பாதித் தானியங்கி ரைஃபிள்களை வாங்கும் வயதை 18-லிருந்து 21 ஆக்கும் மசோதா, யுவால்டி பெற்றோர்கள் மாதக்கணக்கில் நடையாய் நடந்து கேட்டது, சட்டமன்றக் குழுவில் 8-க்கு 5 என்று தேறியது. குடியரசுக் கட்சிக்காரர்களில் இரண்டு பேர் கூட ஆதரித்தார்கள். நான் கைகூப்பிக்கொண்டு செய்தி பார்த்தேன். ஆனால் அவையின் ஓட்டெடுப்புக்கு அது வரவே இல்லை. அந்த ஆற்றாமை எனக்கு இன்றும் ஆறவில்லை.

துப்பாக்கி வேண்டும் என்கிற எதிர்த்தரப்பு எல்லாரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். என்னோடு வேலை பார்த்த ஒரு அம்மா ஊருக்கு வெளியே பண்ணையில் தனியாக இருந்தார். போலீஸ் வந்து சேர அரை மணிக்கு மேல் ஆகும். துப்பாக்கிதான் தன் துணை என்றார். அவருடையது எப்போதும் இரும்புப் பெட்டியில் பூட்டியே இருக்கும்.

சரி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். 2020 முதல் இந்த நாட்டுப் பிள்ளைகள், பதின்வயதினர் மரணத்துக்குத் துப்பாக்கிதான் முதல் காரணம். அதில் பள்ளியில் நடப்பது மிகச் சிறிய பங்கு. வீட்டிலும் தெருவிலும் நடப்பதுதான் அதிகம். பதின்வயதில் மனம் உடைந்த பிள்ளையின் கைக்கு அப்பாவின் துப்பாக்கி எட்டிவிடுவதும் அதில் சேர்த்தி. என் மகனுக்கு ஒன்பது வயதிருக்கும்போது நண்பன் வீட்டில் விளையாடிவிட்டு வந்து, "அவங்கப்பாவோட கன் பார்த்தேன், கட்டில் பக்கத்து டிராயர்ல இருக்கு" என்றான். அன்று இரவு முழுக்க அவனைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டேன். 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையிடம் அலட்சியத்தால் குண்டு போட்ட துப்பாக்கி போய்ச் சேர்ந்தால் டெக்சாஸில் குற்றம்தான். ஆனால் அந்தச் சட்டம், பிள்ளை எடுத்த பிறகுதான் பேசும்.

அதற்கப்புறம் துப்பாக்கி இருந்தால் பூட்டியிருக்கிறதா என்று கேட்காமல் நான் எந்த வீட்டுக்கும் பிள்ளைகளை அனுப்பியதில்லை. நம் தமிழ் வீடுகளையும் கேளுங்கள். நகைக்காக இந்தியர் வீடுகளில் திருட்டு நடக்கிறது என்று பயந்து, கிரீன் கார்டு வந்ததும் துப்பாக்கி வாங்கியவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். பொங்கல் விருந்தில் பெரியவர்கள் கீழே பேசிக்கொண்டிருக்க, பிள்ளைகள் மாடியில்தானே இருக்கும்?

உங்களுக்கு இங்கே ஓட்டு இல்லை. விசாவில் இருப்பவர்கள் தேர்தலுக்கு நன்கொடையும் தரக் கூடாது. ஆனால் உங்கள் பிள்ளையின் பள்ளி வாரியக் கூட்டத்தில் பேசலாம், நானும் வருகிறேன். ஊருக்குத் திரும்புவது உங்கள் குடும்ப முடிவு, அதை இந்த ஒரு வாரப் பயத்தில் எடுக்க வேண்டாம்.

கேட்கக் கூச்சமாக இருந்தால் நான் அனுப்பும் செய்தியையே அனுப்புங்கள்: "சனிக்கிழமை வர அவன் ஆவலாக இருக்கிறான். அவனுக்கு வேர்க்கடலை ஆகாது. உங்கள் வீட்டில் நாய் இருக்கிறதா? துப்பாக்கி இருந்தால் பூட்டியிருக்கிறதா?" இத்தனை வருடத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் கோபப்பட்டார்கள். அங்கே அனுப்பவில்லை. அந்தப் பிள்ளையை எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன்.