பழைய காரின் பெட்ரோல் டேங்கை வீட்டிலேயே மாற்றும்போது

டேங்கில் பாதி பெட்ரோல் இருக்கும்போதே மூடிய ஷெட்டுக்குள் கழற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி, தள்ளியிருக்கும் சின்னப் பொறியில்கூடப் பற்றிக்கொள்ளும். அதோடு 20 லிட்டர் என்றாலே சுமார் 15 கிலோ, உள்ளே அலைபாயும் எடை அது. காரைத் திறந்த வெளியில் ஸ்டாண்டுகள் மேல் நிறுத்துங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

டேங்கைத் தாங்கிப் பிடிக்கும் பட்டைகளின் துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முந்தின நாளே துரு இளக்கி அடித்து வைத்தால் போதும். கிரைண்டர், நெருப்பு இரண்டும் கூடவே கூடாது. அப்புறம், ஜாக்கில் பலகை வைத்து டேங்கைத் தாங்கியபடி கொஞ்சம் இறக்கினால், மேலே உள்ள ஹோஸ்களுக்குக் கை எட்டும்.

டேங்கில் உள்ள பெட்ரோல் பம்பின் சீலை (கசிவைத் தடுக்கும் வளையம்) மட்டும் புதிதாகவே போடுங்கள். பழையது கசிந்தால் மறுபடி எல்லாவற்றையும் இறக்க வேண்டிவரும்.